ஊர் என்று தட்டியதும்

நான் மூன்று எழுத்து தட்டுவதற்குள் மிச்சத்தை அதுவே எழுதிக் காட்டிவிடும். அப்படி என்ன அவசரமோ அதற்கு. தரவுகளை அலசும் மென்பொருள் எதை எடுத்தாலும் இப்போது இந்தக் குணம் வந்துவிட்டது. அடைப்புக்குறி ஒன்றைத் திறந்தால் மூடுவதையும் சேர்த்துப் போட்டுவிடும். பழக்கதோஷத்தில் நானும் ஒன்றைப் போட்டு மூடுவேன். அப்புறம் எது ஜாஸ்தி என்று தேடுவதில் அரை மணி நேரம் போய்விடும். 'எடை' என்று தொடங்கினால் தாயின் எடையா குழந்தையின் எடையா என்று ஒரு வார்த்தை கேட்காது. நேற்று எதை எடுத்தேனோ அதையே இன்றைக்கும் முதலில் நீட்டும். வேண்டாம் என்றால் நான்தான் அம்புக்குறியைத் தட்டித் தட்டிக் கீழே இறங்க வேண்டும். வேண்டும் என்றால் ஒரே ஒரு விசை போதும். சம்மதிப்பதை அவ்வளவு சுலபமாகவும் மறுப்பதை அவ்வளவு வேலையாகவும் செய்து வைத்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

ஒருமுறை வயதைச் சரிபார்க்க ஒரு வரி எழுதத் தொடங்கினேன். 'வயது பதினெட்டுக்குக் கீழே இருந்தால்' என்பது வரைக்கும்தான் நான் எழுதியது. 'அந்த வரிசையை நீக்கு' என்று சாம்பல் நிற எழுத்தில் அதுவே முடித்து வைத்தது. எங்கெங்கோ யார் யாரோ அப்படி எழுதியிருப்பார்கள் போல, பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. எங்கள் பட்டியலில் பதினேழு வயதில் கர்ப்பமாக இருப்பவள் தட்டச்சுப் பிழை இல்லை. அவள் ஏதோ ஒரு கிராமத்தில், ஏதோ ஒரு வீட்டில் நிஜமாகவே இருக்கிறாள். அவளைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். நான் திரையைப் பார்த்து வாய்விட்டே திட்டினேன். திட்டும்போது எனக்குத் திக்காது.

மற்ற நேரமெல்லாம் திக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். க, த, ப, வ இந்த நான்கும் எனக்கு ஜென்ம விரோதிகள். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள் கொஞ்சம் தயவு காட்டும். அதிலும் 'ஆமா' என்ற சொல் இதுவரை என்னைக் கைவிட்டதே இல்லை. அதனாலேயே பல இடங்களில் அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பஸ்ஸில் ஏறி 'வே... வே...' என்று நான் இழுப்பதற்குள் கண்டக்டர் "வேலூரா?" என்பார். பின்னால் டிக்கெட் வாங்க ஆட்கள் நெருக்குவார்கள். "ஆமா" என்று சொல்லி வேலூருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஊர் எல்லை தாண்டுவதற்குள் வேங்கிக்காலில் இறங்கியிருக்கிறேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஹோட்டலில் தயிர் சாதம் கேட்கப் போய் எத்தனையோ நாள் தக்காளி சாதம் சாப்பிட்டிருக்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்வதில்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார்கள்.

நான் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்ததற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள். திரையில் அந்தச் சின்னக் கோடு மின்னி மின்னிக் காத்திருக்கும். நான் முழுசாகச் சொல்லி முடிக்கும் வரைக்கும் அது வாயைத் திறக்காது. எனக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. அந்த மரியாதை சில வருடங்களுக்குத்தான். பிறகு அதுவும் மற்றவர்களைப் போல முந்திக்கொண்டு பேசக் கற்றுக்கொண்டது.

வேங்கிக்காலில் புது வீட்டுமனைகளுக்கு நடுவே ஒரு வீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஓர் அறக்கட்டளை நடத்திய திட்டம் அது. கிராமத்துச் செவிலியர்கள் கைப்பேசியில் பதிகிற கர்ப்பிணிகளின் விவரங்கள் எங்களிடம் வந்து சேரும். ரத்த அழுத்தம், ரத்தசோகை, எடை, கால் வீக்கம் எல்லாம் அதில் இருக்கும். அவற்றை அலசி, இந்த வாரம் யாரையெல்லாம் வீட்டுக்கே போய்க் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு செவிலியருக்கும் ஒரு பட்டியலைத் திங்கட்கிழமை காலையில் அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிப்பது என் வேலை.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாதக் கடைசியில் வளைகாப்பு நடத்தி, கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். புகுந்த ஊர்ச் செவிலியர், 'இனிமே அம்மா வீட்டுப் பக்கம் பார்த்துக்கொள்வார்கள்' என்று இருந்துவிடுவார். அம்மா ஊர்ச் செவிலியருக்கோ அப்படி ஒரு பெண் வந்திருப்பதே தெரியாது. மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய கடைசி மாதங்களில் அவள் யாருடைய கணக்கிலும் இல்லாமல் போய்விடுவாள். இதைக் கண்டுபிடித்துச் சொன்னதே நான்தான். நானும் இந்த ஊர்ப் பெண்தானே, எனக்குத் தெரியாதா? படிவத்தில் ஊருக்கு இரண்டு இடம் ஒதுக்கச் சொன்னேன். ஒன்றுக்கு ஊர்_கணவர் என்று பெயர், இன்னொன்றுக்கு ஊர்_தாய். முதல் கர்ப்பமாக இருந்து ஏழு மாதம் முடிந்திருந்தால் அவள் பெயர் தாய் ஊர்ச் செவிலியருக்குப் போகும். இல்லையென்றால் கணவர் ஊர்ச் செவிலியருக்குப் போகும். இதற்காக ஒரு கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். எழுந்து பேசச் சொல்வார்களோ என்று நான் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, மேலாளரே எனக்கும் சேர்த்துப் பேசிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை படிவத்தில் சில மாற்றங்கள் வந்திருந்தன. பட்டியலை ஊர்வாரியாகப் பிரிக்கும் பழைய நிரலை ஒதுக்கிவிட்டுப் புதுக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குள் பட்டியல் போக வேண்டும். 'ஏழு மாதம் முடிந்திருந்தால்' என்று எழுதி, 'ஊர்' என்று தட்டினேன். கீழே சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. ஒப்புக்கொள்ளும் விசையை அழுத்தினேன். 'இல்லையென்றால்' என்று எழுதி, மறுபடியும் 'ஊர்' என்று தட்டினேன். மறுபடியும் பெட்டி திறந்தது, மறுபடியும் விசையை அழுத்தினேன். பழைய கோப்பில் அந்த இடத்துக்கு வரும்போது ஊர்_தாய்தான் மேலே நிற்கும். என் விரல் அதற்குப் பழகியிருந்தது. புதுக் கோப்பில் மென்பொருளுக்கு அந்தப் பழக்கமெல்லாம் நினைவில் இல்லை. அகர வரிசைப்படி ஊர்_கணவர் மேலே நின்றது. இரண்டு தடவையும் நான் அதையே வாங்கிக்கொண்டேன்.

ஏழு மாதம் முடிந்திருந்தால் கணவர் ஊர், இல்லையென்றாலும் கணவர் ஊர். மனுஷனாகப் பிறந்த யாரிடம் சொன்னாலும், இதற்கு எதற்கு இரண்டு வரி என்று கேட்பார்கள். மென்பொருள் கேட்கவில்லை. அதைப் பொறுத்தவரை நான் எழுதியது இருக்கிற ஒரு பெயர்தான். ஓர் எழுத்து தப்பாக விழுந்து, திரை முழுக்கச் சிவப்பில் கத்தியிருந்தால் அன்றைக்குப் பிழைத்திருப்போம். முதல் பத்து வரிசைகளைக் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது என் வழக்கம். அதையும் செய்தேன். பத்துப் பேருமே இரண்டாவது, மூன்றாவது கர்ப்பம். எல்லோரும் கணவர் ஊரில் சரியாக இருந்தார்கள். பட்டியல் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. நான் கீழே இறங்கி டீ குடிக்கப் போனேன்.

வியாழக்கிழமை பௌர்ணமி. அலுவலகத்தில் மற்ற இரண்டு பேரும் கிரிவலம் போக லீவு போட்டிருந்தார்கள். மேலாளர் வெளியூர் போயிருந்தார். மதியம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் செவிலியர் போன் செய்தார். அவர் எப்போதும் கொஞ்சம் சத்தமாகவே பேசுவார்.

"இன்னாம்மா இது, இந்த வாட்டி என் லிஸ்ட்ல இருக்கற பொண்ணுங்க நெறைய பேரு அம்மா வூட்டுக்குப் போயிட்டாங்களே? போன மாசமெல்லாம் கரெக்டா பிரிச்சுதானே அனுப்பிச்சீங்க?"

போனை வைத்துவிட்டு நிரலைத் திறந்தேன். அந்த இரண்டு வரிகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒரே பெயரோடு நின்றன. எத்தனை பேர் என்று எண்ணினேன். பதினொரு பெண்கள் தப்பான ஊருக்குப் போயிருந்தார்கள். பத்துப் பேருக்கு ரத்தசோகை, எடைக் குறைவு என்று இருந்தது. அடுத்த நாள் பார்த்தாலும் பாதகமில்லை. பதினோராவது பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. முதல் கர்ப்பம், எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. போன வாரம் வளைகாப்புக்கு முந்தின நாள் பார்த்தபோது ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, காலில் வீக்கம் இருந்தது. 'திங்கட்கிழமை மறுபடியும் பார்க்கவும்' என்று குறிப்பு போட்டிருந்தார்கள். அவள் கணவர் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். தாய் ஊர் அடி அண்ணாமலை.

அடி அண்ணாமலைச் செவிலியரைக் கூப்பிட்டேன். கிரிவலப் பாதையில் முதலுதவி முகாமில் இருந்தார். பின்னால் ஒலிபெருக்கிச் சத்தமும் ஜனங்களின் இரைச்சலும் கேட்டன.

"ப... ப... பட்..." என்றேன்.

"லிஸ்டாம்மா? வந்துச்சு வந்துச்சு. திங்கக்கெழமையே பாத்து முடிச்சிட்டேன், ஒன்னும் பிரச்சன இல்ல. இங்க ஒரே கூட்டமா இருக்குது, வெச்சிடட்டா?"

வைத்துவிட்டார். மறுபடியும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை மணியே அடிக்கவில்லை. செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு அப்படியே நின்றது. பௌர்ணமியன்று அந்தப் பாதையில் சிக்னல் கிடைப்பதே பெரிய விஷயம். பெண்ணின் பெயரில் பதிந்திருந்த எண் அவள் கணவருடையது. அவரும் எடுக்கவில்லை. நான் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

எங்கள் சாலை கிரிவலப் பாதையில் சேரும் இடத்தில் தடுப்பு போட்டு வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். காவலுக்கு நின்றவரிடம் விஷயத்தை விளக்குவதற்குப் பதில் ஓடிவிடலாம் என்று தோன்றியது. வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு நடந்தேன். எல்லோரும் மலையை வலமாகச் சுற்றிக்கொண்டு எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அடி அண்ணாமலைக்கு நான் எதிர்த்திசையில்தான் போக முடியும். "எதிர்ல வராதம்மா" என்றார்கள். "இந்தப் பக்கமாம்மா சுத்தறது?" என்று சிரித்தார்கள். வெறுங்காலோடு வருகிற அத்தனை பேருக்கு நடுவில் நான் ஒருத்தி செருப்புக் காலோடு ஓடினேன். ஒரு பெரியவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, மெதுவாகத் திருப்பிக் கூட்டம் போகிற திசையில் என்னை விட்டார். வழி தெரியாமல் வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். அவர் கொஞ்ச தூரம் போகும் வரைக்கும் அவர் கூடவே நடந்துவிட்டுத் திரும்பினேன். அப்படி நடந்த அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது, அவர் மேல் இல்லை.

படிவத்தில் இருந்த விலாசப்படி அந்தப் பெண்ணின் அம்மா வீடு பாதையை ஒட்டியே இருந்தது. வாசலில் மேசை போட்டு மோரும் சுண்டலும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்தப் பாதையில் எல்லா வீட்டு வாசலும் கடைதான். மேசைக்குப் பின்னால் நின்ற அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கியது, வாய் திறந்தபடியே இருந்தது.

"தண்ணியா? மோரா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

"பாத்ரூமா? அப்பிடிப் பின்னால போம்மா."

மறுத்துக்கொண்டே கைப்பேசியை நீட்டினேன். பட்டியலில் அந்த ஒரு வரிசையைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். அந்த அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல். முகம் உப்பியிருந்தது. கைப்பேசியை வாங்கித் தன் பெயரைத் தானே படித்தாள். படிக்கும்போது கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள்.

"நான்தான் இது" என்றாள். "காலையிலேருந்து தல விண்விண்ணுனு வலிக்குதுங்க. கண்ணு முன்னால பூச்சி பறக்கற மாதிரி இருக்குது."

"கூட்டத்து சத்தம்தான், வேற ஒன்னுமில்ல. மாத்திர குடுத்துப் படுக்கச் சொன்னேன்" என்றார் அம்மா.

"ஆஸ்பத்திரி" என்றேன். அந்தச் சொல்லாவது என் பக்கம் இருந்தது. "ஆஸ்பத்திரி. இப்பவே."

பக்கத்துக் கடைக்காரர் யாரையோ பிடித்து ஆம்புலன்ஸ் வரவழைத்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அது வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. ஜனங்கள் நல்ல மாதிரியாகத்தான் வழி விட்டார்கள், கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தார்கள். ஆனாலும் ஒதுங்குவதற்கு இடம் வேண்டுமே. நானும் கூடவே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. வளையல்கள் ஸ்ட்ரெச்சரின் இரும்பில் மோதி உடைந்தன. உடனே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் சாயங்காலம் வரைக்கும்தான் இருந்தது.

குழந்தையை நான் பார்க்கவில்லை. அடுத்த வாரம் வந்த தரவில் அதன் எடையைப் பார்த்தேன். எடை_குழந்தை என்ற தலைப்பின் கீழே ஓர் எண், அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒரே ஒரு சொல். 'எடை' என்று நான் தட்டியபோது அந்த வாரம் முழுக்க அதையே முதலில் நீட்டிக்கொண்டிருந்தது மென்பொருள். பிரசவ வார்டு டாக்டரிடம் ஒரு தாளில் எழுதியே கேட்டேன். மூன்று நாள் முன்னாலேயே ரத்த அழுத்த மாத்திரை தொடங்கியிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று. அவர் தாளைப் படித்தார். "பிழைச்சிருக்கலாம். பிழைக்காமயும் போயிருக்கலாம். சொல்ல முடியாதும்மா" என்றார். தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

மேலாளர் திரும்பி வந்ததும் அவர் அறைக்குப் போனேன். நல்ல மனிதர் அவர், இதுவரை என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. "த... த... தப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"தப்பு யார் மேலயும் இல்லைங்க. சாஃப்ட்வேர் பண்ண வேலை. ரிப்போர்ட்ல அப்பிடியே எழுதிடறேன். நீங்க மனசுல போட்டுக்காதீங்க."

"ஆமா" என்றேன். அறிக்கையில் அப்படியே எழுதப்பட்டது. அதில் பொய் என்று எதையும் காட்ட முடியாது. மென்பொருள் அந்தப் பெயரை நீட்டியது உண்மைதான். வாங்கியது யார் என்று மட்டும் அறிக்கையில் இல்லை.

பதினாறாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். பாதையில் ஆளே இல்லை. வாசல் மேசையை எடுத்து உள்ளே போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டார். "இந்தப் பொண்ணுதான். அவ்ளோ கூட்டத்துல எதிர்ல நடந்து வந்து எம் பொண்ணு உசுர மீட்டுக் குடுத்தவ" என்றார். அந்தப் பெண்கள் என்னைச் சாமியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். எனக்கு மோர் கொடுத்தார்கள். மகள் உள்ளே பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் வளையல் இல்லை. பால் கட்டியிருக்கிறது என்று அம்மா மெல்லச் சொன்னார். அங்கேயே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

சொல்லத்தான் வந்திருந்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். "ப... ப... பட்டி..." என்றேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். என் முகம் கோணுவது எனக்கே தெரிந்தது. பார்க்கச் சகிக்காமல் அந்த அம்மா என் தோளைத் தொட்டார்.

"பரவால்ல வுடும்மா. எங்க நேரம் சரியில்ல. அதானே சொல்ல வர?"

ஒரே ஒரு விசை போதும் என்றேனே, அந்த மாதிரிதான். மறுப்பதற்கு எத்தனை சொல் வேண்டும், அத்தனையும் 'க'வில், 'த'வில், 'ப'வில் தொடங்கும். சம்மதிப்பதற்கு ஒரு சொல் போதும், அது எனக்குத் திக்காது. "ஆமா" என்றேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது ஒரு பையில் சுண்டலுக்கு வாங்கிய வேர்க்கடலை போட்டுக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கடலையை நான் தின்னவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. மேசை மேல் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய் அந்த முந்திரிக்கொட்டைத்தனத்தை மொத்தமாக அணைத்துப் போட்டேன். இப்போது எல்லாப் பெயரையும் முழுசாக நானே தட்டுகிறேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. பக்கத்து மேசைக்காரர், "இந்தக் காலத்துல யாருங்க இப்பிடி மாங்கு மாங்குனு அடிக்கறாங்க?" என்று கேலி செய்கிறார். எழுத்துப் பிழை நிறைய வருகிறது. திரை சிவப்பில் கத்துகிறது. கத்தட்டும், எனக்கு நிம்மதியாக இருக்கிறது. 'ஊர்' என்று தட்டினால் இப்போது எதுவும் திறப்பதில்லை. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் இதெல்லாம் நான் எனக்குச் செய்துகொண்ட சமாதானம்தான். அந்த வீட்டில் என்னைக் கும்பிடுகிறார்கள். நேரம் சரியில்லாமல்தான் தன் குழந்தை போய்விட்டது என்று அந்தப் பெண் நம்பிக்கொண்டிருக்கிறாள். தான் செய்த ஏதோ ஒன்றுதான் காரணம் என்றுகூட நினைத்துக்கொண்டிருக்கலாம். வளைகாப்பில் சாப்பிட்டது, தலைவலியைச் சொல்லாமல் இருந்தது, இப்படி ஏதாவது. அதை நினைக்க ஆரம்பித்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அடுத்த வாரம் மறுபடியும் போனேன். வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஹெல்மெட்டுக்குள் அது ஒழுங்காக வந்தது. வீட்டில் அம்மாவும் மகளும்தான் இருந்தார்கள். மகள் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அம்மா மோர் கொண்டுவர எழுந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, நின்றபடியே ஆரம்பித்தேன்.

"ப... ப... ப..."

"உட்காரும்மா மொதல்ல. வெயில்ல வந்தது படபடனு..." என்று அம்மா ஆரம்பித்தார்.

"இரும்மா" என்றாள் மகள். அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அவங்க ஏதோ சொல்றாங்க. சொல்லி முடிக்கட்டும்."

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். நிதானமாகச் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. தலையாட்டி உற்சாகப்படுத்தவில்லை. உதட்டை அசைத்து எனக்கு முன்னால் அந்தச் சொல்லைத் தேடவும் இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. 'க'வில் நின்றேன், 'த'வில் நின்றேன், ஓர் இடத்தில் கண்ணில் நீரே வந்துவிட்டது. முழுசாகச் சொன்னேன். பட்டியலில் தப்பான ஊரைப் போட்டது நான். திங்கட்கிழமையே உன்னைப் பார்க்க நர்ஸ் வந்திருக்க வேண்டும். என்னால்தான் அவர் வரவில்லை. வியாழக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

அம்மா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு முழுசாக விளங்கவில்லை என்று நினைக்கிறேன். மகளுக்கு விளங்கியது. அவள் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போனதை நான் பார்த்தேன். விரல்களை ஒவ்வொன்றாக மடித்தாள். திங்கள், செவ்வாய், புதன்.

"மூணு நாளா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். அது திக்காமல் வந்தது.